கோவில்பதாகையிலிருந்து ஒரு கருத்து

சகாயமேரியைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய கால்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோவில்பதாகை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடையில் பதினான்கு வருடமாக நின்றபடியே வேலை பார்த்த கால்கள். முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். கடையில் ஒரு ஸ்டூல் உண்டு. அதன்மேல் எப்போதும் காகிதக் கட்டுகள்தான் உட்கார்ந்திருக்கும். "அத்த இறக்கி வெச்சிட்டு நீ உக்காரும்மா" என்று நான் சொன்னால், "உக்காந்தா எழுந்துக்க முடியலண்ணா" என்பாள்.

என் பெயர் ஜெகதீசன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். அதில் பாதிக்காலம் தொழிற்சங்கத்துக்கு மனு எழுதியே போனது. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை, எங்கள் நகர் நலச்சங்கத்துக்குச் செயலாளர் ஆனேன். ஏரி உபரிநீருக்குக் கால்வாய், நாலு தெருவுக்கு விளக்கு, ரேஷன் கடைக்குக் கூரை, எல்லாம் என் மனுவால் வந்தவை. இதை நானேதான் சொல்லிக்கொள்கிறேன், வேறு யாரும் சொல்வதில்லை. மேரியின் கதையில் நான் எங்கே வருகிறேன் என்பது போகப்போகத் தெரியும். அது எனக்குப் பெருமையான இடம் இல்லை.

மேரி பூந்தமல்லியில் பிறந்தவள். பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆறு வருடம் சட்டைக் காலர் தைத்தாள். வேதமுத்துவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவர் கம்பெனி வேன் ஓட்டுகிறார், வீட்டுக்கு வருவது தூங்குவதற்குத்தான். பிள்ளைகள் இல்லை. கடையை முதலில் ஜெராக்ஸுக்கென்று போட்டாள். பிறகு ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, லைசன்ஸ், வருமானச் சான்று, பென்ஷன் என்று ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள்.

வாரத்துக்கு ஒருவராவது அந்தக் கடைக்கு ஓடி வந்து, 'அவசரம், ரத்தம் தேவை' என்று எழுதிய காகிதத்தை நீட்டி இருபது பிரதி கேட்பார்கள். மருத்துவமனைச் சுவரில் ஒட்டுவதற்கு. அதே வரிசையில், லைசன்ஸ் விண்ணப்பத்தில் தன் ரத்த வகையை எழுதச் சொல்லிக்கொண்டு இன்னொருவர் நிற்பார். ஒரு நாள் இந்த இருவரும் அடுத்தடுத்து நின்றார்கள். "இவரு தேடறது அவரு உடம்புல ஓடிகினு கீது. நடுவுல நான் நின்னுகினு ஜெராக்ஸ் எடுத்துகினு கீறேன்" என்று அவளுக்குத் தோன்றியதாம். அன்றிலிருந்து, விண்ணப்பம் போட வருகிறவர்களிடம் கேட்டு, சம்மதித்தவர்களின் பெயரையும் ரத்த வகையையும் எழுதிவைக்க ஆரம்பித்தாள். ஒன்பது வருடத்தில் எண்ணூறு பேருக்கு மேல் சேர்ந்தார்கள்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவந்த ஜாபஸ் என்பவர், "சிஸ்டர், இதுக்கு ஒரு வெப்சைட் போட்ருவோம்" என்று சொல்லி, இணையத்தில் சின்னதாக ஒரு பெயரும் பதிவு செய்துகொடுத்தார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து, வேண்டிய ரத்த வகையைத் தொட்டால் மேரியின் போன் எண் வரும். கூப்பிட்டால், பட்டியலைப் பார்த்து ஆளைப் பிடித்துக்கொடுப்பாள். ஆவடியிலிருந்து நசரத்பேட்டை வரைக்கும் மருந்துக்கடைகளிலும் ஆட்டோக்களின் முதுகிலும் அந்தப் பெயர் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. கீழே அவள் கடையின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும்.

இணையத்தில் ஒரு பெயரை யாரும் முழுசாக வாங்கிவிட முடியாது. வருடக் கணக்கில் குடியிருப்பதுதான். தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஜாபஸ் நல்ல மனிதர். ஆனால் பெயரைத் தன்னுடைய மெயில் முகவரியில் பதிவு செய்திருந்தார். பிறகு வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த மெயிலை அவர் திறந்தே வருடக் கணக்காகியிருக்கும். 'உங்கள் பெயர் காலாவதியாகிறது' என்று வந்த எச்சரிக்கையெல்லாம் யாரும் பார்க்காத பெட்டியில் போய் விழுந்தது. மேரிக்குப் புதுப்பிக்க வேண்டும் என்பதே தெரியாது. நாள் பார்த்துக் காத்திருந்த எவனோ அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டான். பக்கத்தையும் அப்படியே நகல் எடுத்துக்கொண்டான். போன் எண்ணை மட்டும் மாற்றினான்.

இது அவளுக்குத் தெரியவந்தது தினேஷ் மூலமாக. தினேஷ் பட்டாபிராமில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. ஏதோ ஓர் ஆட்டோவின் பின்னால் ஸ்டிக்கரைப் பார்த்து, பக்கத்தைத் திறந்து, அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறான். ரத்தம் கொடுப்பவர் கிளம்பிவிட்டார், முன்பணம் அனுப்பு என்றார்களாம். அனுப்பிவிட்டு நாலு மணி நேரம் மருத்துவமனை வாசலில் நின்றிருக்கிறான். யாரும் வரவில்லை. அப்புறம் போனும் போகவில்லை. கடைசியில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் தன் கையை நீட்டினார், அந்தப் பெண் பிழைத்தாள்.

நான்காம் நாள் காலை தினேஷ் கடை வாசலில் நின்று கத்தினான். நான் அப்போது அங்கே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாக்கா, ரத்தத்துல கூடவா டுபாக்கூர் வேலை? என் பொண்டாட்டி அங்க மூச்சு வாங்கிகினு கெடக்கறா, நீ இங்க சோக்கா ஜெராக்ஸ் போட்டுகினு கீற?"

மேரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவனுடைய போனை வாங்கிப் பார்த்தாள். அதே பெயர், அதே சிவப்பு நிறம், அவள் எழுதிய அதே வாசகங்கள், வேறு எண். அரை மணி நேரம் விளக்கிச் சொன்ன பிறகு தினேஷ் நம்பினான். ஆனால் வரிசையில் நின்ற எட்டுப் பேரில் எத்தனை பேர் நம்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, ஆக்னஸ் என்கிற பெண், "மேரி, நீ கூடவா?" என்று மெதுவாகக் கேட்டாளாம். தினேஷ் கத்தியதை மேரி மறந்துவிட்டாள், அந்த மெதுவான கேள்வியை மறக்கவில்லை.

பெயரை விற்கிற கம்பெனிக்குப் போன் செய்தாள். "உரிமையாளர் நீங்க இல்லையே மேடம்" என்றார்கள். ஜாபஸைத் தேடிப் பிடித்தாள். அவர் போனிலேயே அழுதார், ஆனால் அவராலும் ஒன்றும் ஆகவில்லை. போலீசில் புகார் எண் கொடுத்தார்கள், அதோடு சரி. வேறு பெயரில் புதிதாக ஒரு பக்கமும் திறந்தாள், யாரும் வரவில்லை. ஊர் முழுக்க ஒட்டியிருந்ததும், வாட்ஸ்அப்பில் வருடக் கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்ததும் பழைய பெயர்தானே. மாதத்துக்கு ஒருவராவது ஏமாந்து வந்து கடை வாசலில் நின்றார்கள். அவளும் அதே அரை மணி நேரக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அது பத்து நிமிடமாகச் சுருங்கியது. பிறகு, "அது நான் இல்லப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் ரெனிதா வந்தாள். மேரி போகிற மாதா கோயில் பங்கைச் சேர்ந்த பெண், நசரத்பேட்டை பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். இணையத்தைச் சும்மா பயன்படுத்துகிற சாதாரண ஜனங்களின் சார்பில் பேசுகிற ஒரு தன்னார்வக் குழுவிலும் இருக்கிறாள். இணையப் பெயர்களுக்கெல்லாம் விதி போடுகிற அமைப்பு ஒன்று வெளிநாட்டில் இருக்கிறதாம். அது எந்த விதியை மாற்றுவதானாலும் முதலில் ஊரைக் கேட்குமாம். கம்பெனிக்காரன், வக்கீல், அரசாங்கம், ஜெராக்ஸ் கடைக்காரி, யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம்.

"இப்போ கேட்டிருக்கிறதே உங்க விஷயம்தான் ஆன்ட்டி. காலாவதியான பேரை, அதை உண்மையா பயன்படுத்திகினு வந்தவங்க நிரூபிச்சா திருப்பித் தரலாமான்னு கேக்கறாங்க. அந்த விதி வந்தா உங்க பேரு உங்களுக்கு வரும்" என்றாள் ரெனிதா.

"நான் சொன்னா கேப்பாங்களா?"

"உங்களுக்கு நடந்ததை உங்க வார்த்தையில எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, நான் இங்கிலீஷ்ல மாத்தித் தரேன். ஆறு வாரம் டைம் கீது."

மேரி எழுதினாள். கடை வேலைக்கு நடுவே, விண்ணப்பங்களின் பின்பக்கத்தில், நான்கு பக்கம். தினேஷ் வாசலில் நின்றது, ஆக்னஸ் கேட்டது, ஜாபஸ் அழுதது எல்லாம் அதில் இருந்தது. எழுதிவிட்டு என்னிடம் கொண்டுவந்தாள். ஊரில் எந்தக் காகிதம் எந்த அலுவலகத்துக்குப் போவதானாலும் என் கண்ணில் பட்டுத்தான் போகும். அது இங்கே வழக்கம்.

நான் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"இது கதை மாதிரி கீதும்மா. நாலு பக்கத்த எவன் படிப்பான்? ஆபீசர் மேல கீற மூணு வரிய பார்ப்பான், அப்பால எத்தினி கையெழுத்துன்னு எண்ணுவான். ஒரு பொம்பள எழுதினா குப்பை. ஊரே எழுதினாத்தான் நாற்காலிய விட்டு எழுந்திருப்பான்."

"ரெனிதா சொந்த வார்த்தையில எழுதுன்னு சொல்லிச்சேண்ணா."

"அது படிச்ச பொண்ணு. கலெக்டர் ஆபீஸ் வாசல்ல அது எத்தினி நாள் நின்னுகீது?"

அவளுக்கு என்மேல் மரியாதை உண்டு. ரேஷன் கடைக் கூரையைப் பார்த்தவள் அல்லவா. நான்கு பக்கத்தையும் மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

விதியை மாற்றக் கோரி, மூன்று பத்தியில் பொதுவாக ஒரு மனு தயாரித்தேன். 'பேரன்புடையீர்' என்று ஆரம்பித்து, 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடித்தேன். ஆங்கிலத்துக்கு மாற்றியதும் நான்தான், சங்கத்து ஆங்கிலம். பிறகு ஆள் சேர்க்கக் கிளம்பினேன். பெருமாள் கோயில் வாசல், மாதா கோயில் வாசல், ரேஷன் வரிசை, ஆட்டோ ஸ்டாண்ட், ஒன்றையும் விடவில்லை. எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் கேட்காமலே ஆதார் ஜெராக்ஸும் பாஸ்போர்ட் அளவு போட்டோவும் கொண்டுவந்தார்கள். மனு என்றால் அவை இல்லாமல் எப்படி? முதல் ஆறு பேருடைய ஆதாரை நாங்கள் கருத்தோடு இணைத்தும் அனுப்பிவிட்டோம். அங்கே வருகிற கருத்தெல்லாம் உலகமே பார்க்கும்படி வைப்பார்கள் என்று அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. ரெனிதா பதறிப்போய் போன் செய்து, அந்த அமைப்புக்கு எழுதி, ஆறையும் எடுக்கவைத்தாள். எல்லாம் ஒரே வாசகமாக இருக்கிறதே என்றும் அன்றைக்குக் கேட்டாள். "ஊர் ஒத்துமையா கீதுன்னு தெரியட்டும்மா" என்றேன்.

அனுப்புகிற வேலை முழுக்க மேரியின் தலையில் விழுந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் தனி மெயில் வேண்டும். பாதிப் பேருக்கு மெயில் கிடையாது, மீதிப் பாதிக்கு அதன் கடவுச்சொல் நினைவில்லை. அவள் ஒவ்வொருவருக்கும் மெயில் திறந்து, உறுதி செய்யும் எண் போனில் வரும்வரை காத்திருந்து, என் மூன்று பத்தியை ஒட்டி, அனுப்பினாள். வசந்தகுமாரி என்கிற வயதான அம்மாள், "கருத்து சொன்னா பட்டா குடுப்பாங்களா?" என்று மூன்று நாள் வந்து கேட்டார். கடை வருமானம் படுத்தது. பன்னிரண்டு நாளில் நூற்று எண்பத்தேழு கருத்துகள் போயின. பன்னிரண்டாம் நாள் அவள் கால் வீங்கி, செருப்பு உள்ளே நுழையவில்லை.

தினேஷும் வந்திருந்தான். ஏமாந்தவன் இவள்மேல் நம்பிக்கை வைத்து வந்தானே என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அவன் கேட்டான், "சார், அன்னிக்கி எனக்கு இன்னா ஆச்சுன்னு நானே எழுதட்டா? எழுத்து சுமாரா வரும்."

"அதெல்லாம் வேணாம்பா. எல்லாருது மாதிரி இருந்தாத்தான் ஒத்துமை தெரியும். நம்பர் வரும், சொல்லு, அது போதும்" என்றேன்.

அவன் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனான்.

அதன்பிறகு ஏழு மாதம் காத்திருந்தோம். அந்த ஏழு மாதத்தில் இன்னும் ஐந்து பேர் ஏமாந்து வந்து நின்றார்கள். ஒவ்வொருவரிடமும் மேரி, "எழுதிப் போட்டுக்கீறோம், பேரு திரும்ப வரும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நானும் பலமாகத் தலையாட்டுவேன். பட்டியலில் இருந்தவர்களில் சிலர் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். வம்பு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். அவளும் ஏன் என்று கேட்காமல் கோடு போட்டு அடித்தாள். ஒன்பது வருடம் சேர்த்ததை இப்படி ஒவ்வொரு கோடாக அடிப்பதைப் பார்க்க எனக்கே அலுப்பாகவும் கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

போன மாதம், ஒரு மத்தியானம், ரெனிதா அந்த அமைப்பின் அறிக்கையை அனுப்பிவைத்தாள். அறுபத்தோரு பக்கம். வேறு ஒன்றும் எழுதவில்லை, 'அங்கிள், நீங்களே ஆன்ட்டிகிட்ட படிச்சுச் சொல்லுங்க' என்று மட்டும். மேரி அத்தனையையும் அச்செடுத்து என் கையில் கொடுத்தாள். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே கேட்டாள், நான் மெஷின் பக்கத்தில் நின்று படித்தேன். நாற்பத்து நான்காம் பக்கத்தில் நாங்கள் வந்தோம்.

இந்தியாவில் ஒரே இடத்திலிருந்து, எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி வந்த நூற்று எண்பத்தேழு கருத்துகளையும் சேர்த்து ஒரு கருத்தாகக் கணக்கில் எடுத்திருக்கிறார்களாம்.

"ஒண்ணா?" என்றாள் மேரி.

"ஒண்ணுதான்."

"சரி, ஒண்ணுனாச்சும் எடுத்துகினாங்களே. அப்பால இன்னா போட்டுக்கீது?"

அதற்கு அடுத்த வரியை நான் மனதுக்குள் படித்துவிட்டிருந்தேன். தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு அந்த அளவுக்கு ஆங்கிலம் வராது, ரெனிதாவும் சொல்லமாட்டாள். முப்பத்தோரு வருடம் நிர்வாகத்தோடு சண்டை போட்டவன், ஒரு வரியை விழுங்கத் தெரியாதா? அன்றைக்கு முடியவில்லை.

"மாத்தினா நல்லா இருக்கும்னு நிறையப் பேரு பொதுவா சொல்லிக்கீறாங்களாம். ஆனா பேரைத் தொலைச்சிட்டு நேரடியா கஷ்டப்பட்ட சாதாரண ஜனம் ஒருத்தர்கூட, தனக்கு இன்னா நடந்துச்சுன்னு எழுதலையாம். அப்படி ஒண்ணு கையில இல்லாததால இப்போதைக்கு விதிய மாத்த முடியாதுன்னு போட்டுக்கீறாங்க."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேரி அதை நிறுத்தினாள்.

"இன்னொரு வாட்டி படிங்கண்ணா."

படித்தேன். இந்தத் தடவை ஆங்கிலத்திலும் படித்தேன், தமிழிலும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தையே பார்த்தாள்.

"ஒருத்தர்கூடன்னா போட்டுக்கீது?"

"ஆமாம்மா."

"தினேஷு எழுதறேன்னு சொன்னான்."

"ஆமா."

"நானும் எழுதினேன்."

"ஆமாம்மா. நான்தான் வேணாம்னேன். தப்பு என்னுதுதான் மேரி. என் புத்திய செருப்பால அடிக்கணும். கலெக்டர் ஆபீஸுக்கு எழுதற மாதிரி அங்கயும் எழுதிட்டேன். எண்ணுவாங்கன்னு நெனச்சேன், படிப்பாங்கன்னு நெனைக்கல."

அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ஊரார் முன்னால் திட்டியிருந்தால் இன்னும் நல்லது. நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவள் திட்டவில்லை. மெஷின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலின் பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அடுத்து எப்போ கேப்பாங்களாம்?"

"அஞ்சு வருஷம் ஆவும்னு கடைசி பக்கத்துல போட்டுக்கீது."

"அஞ்சு வருஷம்" என்றாள் அவள். கணக்குப் போடுவது போல ஒரு கணம் நின்றாள். "அதுக்குள்ள எத்தினி பேரு அந்த நம்பருக்குப் போன் பண்ணுவாங்க?"

இப்போதே உட்கார்ந்து அவளுடைய நான்கு பக்கத்தையும் ஆங்கிலத்தில் மாற்றித் தருகிறேன், தினேஷையும் கூப்பிடுகிறேன், எப்படியாவது அவர்களுக்குப் போய்ச் சேருகிற மாதிரி செய்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. மனு வாசிக்கிற அதே குரல்.

மேரி மெஷினைத் திரும்ப ஓடவிட்டாள்.

"கொஞ்சம் நவுருங்கண்ணா," என்றாள், "பின்னாடி ஆள் நிக்குது."